தொலைதூரக் கல்வியில் மார்க்கெட்டிங் பட்டம்: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பிரிவில் சில வருடங்களாக வேலை பார்க்கிறீர்கள். பட்டம் இல்லாததால் மார்க்கெட்டிங் பக்கம் மாற முடியவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகவும் வழியில்லை. தொலைதூரக் கல்வியில் மார்க்கெட்டிங் பட்டம் வாங்கினால் மதிப்பார்களா, எதைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, தனியாக உட்கார்ந்து படித்து முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் படிக்கலாம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு நேரில் போய்ப் படிப்பதைவிட இது சில வகையில் நல்லது என்றுகூடச் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது. ஆனால் சேருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பார்ப்பது கட்டணம், காலம், பல்கலைக்கழகத்தின் பெயர், வீடியோ பாடங்களின் பளபளப்பு. தொலைதூர மாணவர்களின் அசைன்மென்ட்டுகளைத் திருத்துகிறவன் என்ற முறையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்றை. நீங்கள் எழுதி அனுப்புவதை யார் படிக்கிறார், என்ன குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறார், எத்தனை நாளில் அனுப்புகிறார்? பாடம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், பாதி இலவசமாகவே கிடைக்கும். "நீ எழுதியதில் இந்த இடத்தில் வாதம் நிற்கவில்லை" என்று சொல்ல ஒரு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கட்டணம் கட்டுவது அதற்காகத்தான்.

இது புதிய விஷயம் இல்லை. 1840-களில் ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் சுருக்கெழுத்தைத் தபால் வழியாகக் கற்றுக்கொடுத்தபோது, மாணவர் பயிற்சியை எழுதி அனுப்புவார், அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல், எங்கே படித்தவரும் தன் தேர்வை எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது; ஆனால் சொல்லிக்கொடுப்பது அதன் பொறுப்பாக இருக்கவில்லை. 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டையும் ஒன்றாக்கியது. அதன் தொலைக்காட்சிப் பாடங்கள்தான் அன்று பெரிதாகப் பேசப்பட்டன. மாணவர்களைத் தாங்கிப் பிடித்ததோ, டியூட்டர் ஒருவர் அசைன்மென்ட்டைத் திருத்தி அனுப்பும் ஏற்பாடு. இன்றைக்கும் தொலைதூரப் படிப்புகளைப் பார்த்தால் தேர்வு வைப்பவை, சொல்லிக்கொடுப்பவை என்று இரண்டு வகை தெரியும். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

உள்ளே எப்படி என்று தெரிந்துகொள்ள நேராகக் கேட்டுவிடுவதுதான் வழி. பெயரை மறைத்துவிட்டு, திருத்திய அசைன்மென்ட் ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒரு டியூட்டருக்கு எத்தனை மாணவர்கள்? அவர் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்வாரா, அல்லது எல்லாக் கேள்விக்கும் ஒரு பொது முகவரிதானா? மதிப்பெண்ணில் கொள்குறி வினாவுக்கு எவ்வளவு, எழுத்து வேலைக்கு எவ்வளவு? முழுக்க முழுக்கக் கொள்குறி வினாவாக இருந்தால், உங்கள் விடையை ஒரு மனிதர் கூடப் படிக்கப் போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அட்மிஷன் பிரிவில் பேசுகிறவர் உங்களுக்கு ஒரு பொருளை விற்கிறார், அது அவர் வேலை. அவர் பேச்சில் எது அளந்து பார்க்கக்கூடிய வாக்குறுதி, எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பாருங்கள். படிப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும்!

அங்கீகாரம் பற்றி இரண்டு வார்த்தை. பல்கலைக்கழகம் தன் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் பார்க்கத் தவறுவது, அந்தக் குறிப்பிட்ட படிப்பைத் தொலைதூர முறையில் நடத்தவும் அனுமதி இருக்கிறதா என்பதை. வேறு நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், நீங்கள் வேலை தேடப்போகும் நாட்டில் அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை கொடுப்பார்களா என்றும் பார்க்க வேண்டும். அரசு வேலை, மேற்படிப்பு இரண்டிலும் அது வந்து நிற்கும். போலிப் பல்கலைக்கழகங்கள் போலி அங்கீகார அமைப்பையும் சேர்த்தே உருவாக்கி வைத்துக்கொள்வதுண்டு. அதனால் அவர்கள் தளத்தில் இருக்கும் இணைப்பைச் சொடுக்கிச் சரிபார்க்காதீர்கள். ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலை நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள். ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ் போன்ற வணிகக் கல்வி அங்கீகாரங்கள் இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காகப் படிப்பு மோசம் என்று அர்த்தமில்லை. சான்றிதழில் 'தொலைதூர முறை' என்று அச்சிடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் நேரில் படித்தவருக்கும் உங்களுக்கும் ஒரே சான்றிதழ்தான், சில இடங்களில் வேறு.

அடுத்தது நேரம். 'உங்கள் வசதிப்படி படிக்கலாம்' என்ற விளம்பர வரியை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு வருடத்துக்கு 60 கிரெடிட். நீங்கள் பாதி வேகத்தில், அதாவது வருடத்துக்கு 30 கிரெடிட் படித்தால் 750 முதல் 900 மணி நேரம். இரண்டு வாரம் ஓய்வு போக வாரத்துக்கு 15 முதல் 18 மணி நேரம் வருகிறது. இளநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட்டாவது வேண்டும், அப்படியானால் ஆறு வருடம். மற்ற நாடுகளில் கிரெடிட்டைக் கணக்கிடும் முறை வேறாக இருக்கலாம், உழைப்பு பெரிதாகக் குறைந்துவிடாது. வாரத்தில் அந்த 15 மணி நேரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டு சேருங்கள். இடையில் ஒரு செமஸ்டர் நிறுத்திவைக்க அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா, பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம் தருகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். ஆறு வருடத்தில் வீட்டிலும் வேலையிலும் என்னவெல்லாமோ நடக்கும்.

சரி, பாடத்துக்கு வருவோம். மார்க்கெட்டிங் என்றால் விளம்பரமும் வாசகமும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் வருடம் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். கணக்கியல், பொருளியல், புள்ளியியல் எல்லாம் வரிசையாக வரும். கற்பனை வளத்தோடு வந்தவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். இவை எதற்கு என்று கேட்டால் ஒரு சின்னக் கணக்கைக் காட்டுவேன்.

ஒரு பொருளின் விலை 100, அதற்கு ஆகும் செலவு 70, கையில் நிற்பது 30. மாதம் 1,000 விற்கிறது, 30,000 மிச்சம். விற்பனையைக் கூட்ட 10 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்கிறார் ஒருவர். விலை 90 ஆகிறது, செலவு அதே 70, கையில் நிற்பது 20. பழைய 30,000 கிடைக்க வேண்டுமானால் இப்போது 1,500 விற்றாக வேண்டும். விலையில் பத்து சதவீதம் இறக்கினால் விற்பனையில் ஐம்பது சதவீதம் ஏற வேண்டும்; ஏறினாலும் லாபத்தில் ஒரு காசு கூடவில்லை, பழைய இடத்துக்கே வந்திருக்கிறோம். விற்பனைப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இந்தத் தள்ளுபடிப் பேச்சு வாரம் தவறாமல் காதில் விழும். அந்தக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறவர்தான் மார்க்கெட்டிங் படித்தவர்.

சந்தை ஆய்வுப் பாடத்தை மட்டும் கடமைக்குப் படித்துத் தள்ளிவிடாதீர்கள், மொத்தப் படிப்பிலும் பணம் பெறுமானம் உள்ளது அதுதான். திருத்தும்போது நான் அடிக்கடி பார்ப்பது இந்த மாதிரி ஒரு ஆய்வு: தெரிந்தவர்கள் முப்பது பேருக்குப் படிவம் அனுப்பி, "இந்த வசதி இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டு, 70 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், ஆகவே சந்தை தயார் என்று முடித்திருப்பார்கள். இதில் இரண்டு ஓட்டை. முப்பது பேர் என்றால், அவர்களைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்திருந்தால்கூட முடிவு ஏறத்தாழ 18 சதவீதப் புள்ளி இப்படியும் அப்படியும் போகலாம். அதை 5 புள்ளிக்குக் குறைக்க 385 பேர் வேண்டும். நண்பர்கள் வட்டம் என்பது சீரற்ற தேர்வும் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை கேள்வியிலேயே இருக்கிறது. வாங்குவீர்களா என்று கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். "கடைசியாக இந்த மாதிரிப் பொருளை எப்போது வாங்கினீர்கள்? வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள்? ஏன் அதை விட்டீர்கள்?" என்று நடந்து முடிந்ததைக் கேட்டால் பத்துப் பேரிடம் பேசினாலே எழுதுவதற்கு விஷயம் கிடைக்கும்.

பெரிய எண்ணிக்கையும் காப்பாற்றிவிடாது. கோகோ கோலா நிறுவனம் 1985-இல் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்திய பிறகுதான் புதிய கலவையைக் கொண்டுவந்தது. சோதனையில் புதியதுதான் முந்தியது. ஏப்ரலில் அறிவித்தார்கள், ஜூலையில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. எது சுவையாக இருக்கிறது என்று அளந்தவர்கள், பழையது இனிமேல் கிடைக்காது என்றால் மக்களுக்கு எப்படி இருக்கும் என்பதற்குப் போதிய கனம் கொடுக்கவில்லை. எல்லா மார்க்கெட்டிங் வகுப்பிலும் வரும் கதைதான் இது. ஆனால் அதைப் 'பிராண்ட் விசுவாசம்' என்ற தலைப்பில் வைத்துப் படிப்பதைவிட, கேள்வித்தாள் தயாரிக்கும் பாடத்தோடு சேர்த்துப் படித்தால் அதிகம் விளங்கும்.

தொலைதூர மாணவர் இழப்பது எது என்றால் வகுப்பறைச் சண்டையைத்தான் சொல்வேன். ஒரு கோட்பாட்டைப் பேராசிரியர் சொல்லும்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து மறுப்பார், அதில் பாதி கற்றுக்கொள்வோம். வீட்டில் இருக்கும் பாடநூல் யாரோடும் சண்டை போடாது. அமெரிக்க மார்க்கெட்டிங் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் கொடுத்த நான்கு 'பி' (ஆங்கிலத்தில் 'பி' எழுத்தில் தொடங்கும் நான்கு சொற்கள்; பொருள், விலை, இடம், விளம்பரம் என்று தோராயமாகச் சொல்லலாம்) இன்னும் எல்லாப் பாடத்திட்டத்திலும் முதல் அத்தியாயம். சந்தையைப் பிரி, ஒரு பிரிவைக் குறிவை, விசுவாசமான வாடிக்கையாளரை வளர்த்தெடு என்பதும் அப்படியே. ஆனால் மார்க்கெட்டிங் ஆய்வாளர் ஆண்ட்ரூ எரன்பெர்க்கும் அவர் வழியில் வந்தவர்களும் வாங்கியவர்களின் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு வேறு ஒன்றைக் காட்டினார்கள். சின்ன பிராண்டுக்கு வாடிக்கையாளர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரும் கொஞ்சம் குறைவாகவே திரும்பி வாங்குகிறார்கள். பிராண்ட் வளரும்போது பெரும்பாலும் புதிதாக வாங்குகிறவர்களால்தான் வளர்கிறது. இது உண்மையென்றால், விசுவாசத் திட்டங்களுக்குப் பணத்தைக் கொட்டுவது பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கும். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை (எனக்கு எரன்பெர்க் பக்கம் சாய்வு உண்டு). ஒவ்வொரு பாடத்திலும் 'இதை மறுக்கிறவர் யார்' என்று ஒரு முறையாவது தேடிப் படித்துவிட்டு அசைன்மென்ட் எழுதுங்கள். திருத்துகிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அப்படித் தேடுவதற்குப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆன்லைன் அனுமதி இருக்கிறது. கட்டணத்தில் அடங்கிய பொருட்களில் மாணவர்கள் கவனிக்காமலே விடுவது இதைத்தான். ஆய்விதழ்களும், வெளியில் தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாத சந்தை அறிக்கைகளும் அதன் வழியாகக் கிடைக்கலாம். தொலைதூர மாணவருக்கும் முழு அனுமதி உண்டா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாடத்துக்காகவே ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தப் பாடம் அச்சாவதற்குள் பழசாகிவிடும். இணையதளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது, திரையைப் படமெடுத்துப் போட்டு விளக்கிய பாடங்கள் ஒரே நாளில் வீணாயின. மூன்றாம் தரப்புக் குக்கீகளை (ஒருவர் தளம் தளமாகப் போவதை விளம்பர நிறுவனங்கள் பின்தொடர உதவும் சிறு கோப்புகள்) குரோம் உலாவியிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2020-இல் அறிவித்த கூகுள், 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இடையில் நான்கு வருடம் 'குக்கீ இல்லாத உலகம்' என்று பாடம் நடந்தது. கருவிகளை வேலையிலும் இலவசப் பயிற்சிகளிலும் பழகிக்கொள்ளலாம். பட்டப்படிப்பில் தேட வேண்டியது, ஏ/பி சோதனையின் (ஒரே விளம்பரத்தின் அல்லது பக்கத்தின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு பேருக்குக் காட்டி எது மேல் என்று பார்ப்பது) முடிவை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று சொல்லித்தரும் பாடத்தை. எக்செலை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு வாருங்கள். அதற்கு யாரும் வகுப்பெடுக்க மாட்டார்கள். எல்லோரும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தனியாகப் படிப்பது பற்றிக் கேட்டீர்கள். ஆன்லைன் பாடத்தில் உள்ள கண்ணி, வீடியோவைப் பார்த்ததும் புரிந்த மாதிரி இருக்கும் என்பது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களும் என்று இரண்டு தரப்பு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். ஆகவே வீடியோ முடிந்ததும் மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து அரைப் பக்கம் எழுதுங்கள். அதில் வரும் ஒரு கருத்தை உங்கள் நிறுவனத்தின் ஒரு பொருளோடு பொருத்தி இரண்டு வரி எழுதுங்கள். இரண்டாவது மூன்றாவது மாதத்தில் சலிப்பு வரும். அந்தச் சமயத்தில் உடன் படிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேரோடு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பேசுவது கைகொடுக்கும். குழு பிராஜெக்ட் என்றால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், வெவ்வேறு நேர மண்டலத்தில் இருக்கும் நான்கு பேரைச் சேர்த்து ஒரு அறிக்கை முடிப்பது தொல்லைதான். ஆனால் இன்றைய அலுவலகமும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் அசைன்மென்ட் எழுதலாமா என்பது இப்போது எல்லோரும் கேட்பது. விதி ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி, படித்துத் தெரிந்துகொண்டு அதன்படி நடங்கள். அதற்கு அப்பால் என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம்: அப்படி எழுதியவற்றில் எந்த வாடிக்கையாளரும் வாய் திறந்து பேசுவதில்லை. நீங்கள் நேரில் கேட்டுவந்த ஒரு வாடிக்கையாளரின் வாசகம் உள்ளே இருந்தாலே கட்டுரையின் நிறம் மாறிவிடும்.

முதலில் நல்லது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். நேரில் படிக்கும் இளம் மாணவர் கற்பனை நிறுவனத்துக்குத் திட்டம் எழுதுவார். உங்களுக்கு உண்மையான பொருளும், முகம் சுளிக்கும் உண்மையான வாடிக்கையாளரும் தினமும் கிடைக்கிறார்கள். விலை பற்றிய பாடம் வந்தால் உங்கள் பொருளின் விலை ஏன் அப்படி என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் நடத்தை பற்றிய பாடம் வந்தால், விட்டுப்போன ஐந்து பேரைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். நிறுவனத்தின் தகவலைப் பயன்படுத்தும் முன் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பெயரையும் எண்ணிக்கையையும் மறைத்து எழுதலாம், மதிப்பெண் குறையாது. இறுதி ஆண்டுப் பிராஜெக்ட்டை இப்படி ஒரு சொந்தப் பிரச்சினையில் செய்தால், மார்க்கெட்டிங் பிரிவுக்கான நேர்காணலில் நீங்கள் காட்ட அது ஒன்றே போதும். வேலை கொடுப்பவர் பட்டத்தைப் பார்த்து உள்ளே கூப்பிடுவார். அதன் பிறகு அவர் கேட்பது 'நீங்கள் எதைச் செய்து பார்த்தீர்கள்' என்பதைத்தான். எந்த முறையில் படித்தீர்கள் என்ற கேள்வி அந்த இடத்தில் பெரும்பாலும் அமுங்கிப்போகும்.

பள்ளியை இப்போதுதான் முடித்தவர், வேலை அனுபவம் இல்லாதவர், நேரில் போய்ப் படிக்க வசதி உள்ளவர் என்றால் நான் தொலைதூரப் படிப்பைச் சொல்லமாட்டேன். அவருக்குச் சோதித்துப் பார்க்கக் களம் இல்லை. உடன் படிக்கும் நண்பர்கள் பின்னாளில் வேலைக்கு வழிசொல்லும் வாய்ப்பும் குறைந்துபோகும். அதேபோல, உங்கள் நிறுவனத்தில் பட்டம் கட்டாயமில்லை, கருவியைக் கையாளத் தெரிந்தால் போதும் என்றால், ஆறு வருடப் படிப்பு தேவையே இல்லை. பிரிட்டனில் 1911-இல் தொடங்கிய பட்டய மார்க்கெட்டிங் கழகம் போன்ற தொழில்முறை அமைப்புகளின் தகுதிச் சான்றுகளைக் குறைந்த காலத்தில் முடிக்கலாம். கூகுள் விளம்பரச் சான்று போன்றவை இன்னும் எளிது. ஆனால் அது ஒரு வருடம்தான் செல்லும், பிறகு மறுபடியும் எழுத வேண்டும்.

இன்னும் தயக்கம் இருந்தால் முழுப் பட்டத்துக்கும் உடனே பணம் கட்ட வேண்டாம். ஒரு பாடத்தை மட்டும் தனியாக எடுத்துப் படிக்க விடும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எடுக்கும்போது அறிமுகப் பாடத்தை எடுக்காதீர்கள், அது யாருக்கும் பிடிக்கும். சந்தை ஆய்வையோ புள்ளியியலையோ எடுங்கள். அதைத் தாண்டினால் மற்றவற்றையும் தாண்டிவிடலாம். அந்தப் பாடத்தின் கிரெடிட் பின்னால் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுமா, எத்தனை வருடம் வரை சேர்ப்பார்கள் என்பதை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.